வெறுங்குழாய்

எங்கள் தெருவில் குடிநீர் வருகிறது. இதில் யாருக்கும் ஐயம் வேண்டாம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மீட்டர் ஓடுகிறது. மீட்டர் ஓடினால் தண்ணீர் வருகிறது என்று பொருள். இது குடிநீர் வாரியத்தின் விதி. குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிறது என்பது குடியிருப்பவர்களின் சொந்த அனுபவம். சொந்த அனுபவங்களை வாரியம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

தெருமுனையில் சலவைக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு இந்த விதி பிடிபடவில்லை. அவளைவிட மூத்தவர்களான நாங்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தங்கும் விடுதி ஒன்றின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுத்துத்தான் அவள் கடை நடந்தது. அந்தக் கடையை வைத்துத்தான் தாய் தகப்பன் இல்லாத தம்பியை ஆளாக்கினாள். தண்ணீர் லாரி வரும் நாளில் ஆளுக்கு நான்கு குடம் கிடைக்கும். நான்கு குடத்தில் ஒரு குடும்பம் சமைக்கலாம், குடிக்கலாம். விடுதியின் விரிப்புகளை நான்கு குடத்தில் துவைப்பவர் இன்னும் பிறக்கவில்லை.

அக்கா வாரியத்துக்குப் போனாள். உதவிப் பொறியாளர் அவளை உட்காரச் சொன்னார். அவர் நல்ல மனிதர். யாருடைய மனுவை நிராகரித்தாலும் உட்காரவைத்துத்தான் நிராகரிப்பார்.

“மீட்டர் ஓடுதாம்மா?”

“ஓடுது சார். காத்துல ஓடுது.”

“எதுல ஓடுதுன்னு நான் கேட்கல. ஓடுதா இல்லையா?”

“ஓடுது.”

“அப்போ தண்ணி வருது. வீட்டுக்குப் போய்ப் பாருங்க.”

“பார்த்துட்டுத்தான் சார் வரேன். தெருமுனை வால்வை ரிப்பேருக்காக மூடினாங்க. ரிப்பேர் முடிஞ்சுது. திறக்க மறந்துட்டாங்க.”

பொறியாளர் பதிவேட்டைப் புரட்டினார். “வால்வு திறந்திருக்கே?”

“உங்க பதிவேட்டுல திறந்திருக்கு சார். தெருவுல மூடியிருக்கு.”

“திறந்திருக்கிற வால்வைத் திறக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. வேணும்னா மனு கொடுத்துட்டுப் போங்க. மேல அனுப்பறேன்.”

அக்கா மனுவைக் கொடுத்தாள். மனு மேலே போயிற்று. வாரியத்தின் கட்டடத்தில் தண்ணீர் தவிர மற்ற எல்லாமே மேலே போகும்.

இனி தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகலில் அக்கா கடையில் துணி தேய்ப்பான். மற்ற நேரத்தில் ஹெவி மெட்டல் பாடுவான். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மின்கிதாரும் டிரம்ஸும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ள, நடுவில் நிற்பவர் விலக்கிவிடாமல் அடிவயிற்றிலிருந்து உறும வேண்டும். அதுதான் ஹெவி மெட்டல். டிரம்ஸ் அடிப்பவனுக்குப் பெயர் சிலிண்டர். வீடு வீடாகச் சமையல் வாயு போடுவது அவன் வேலை. கிதார் வாசிப்பவர் பல் வைத்தியரிடம் உதவியாளர். கடையின் பின்னால் துவைக்கும் அறை காலியாகக் கிடந்ததால் மூவரும் அங்கே பயிற்சி செய்தார்கள்.

அவர்களிடம் ஒரு குறை இருந்தது. பேஸ் கிதார் வாசித்தவன் வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அடிநாதம் இல்லாமல் பாட்டு காற்றில் பறந்தது. ஒரு நாள் கத்திக் களைத்த தம்பி, முகம் கழுவலாம் என்று பழக்கதோஷத்தில் குழாயைத் திறந்தான். குழாய் முதலில் இருமியது. பிறகு ‘உர்ர்ர்ரூம்ம்ம்’ என்று சுவர் அதிர ஒரு சத்தம் போட்டது.

“டேய், மூடாத!” என்று கத்தினான் சிலிண்டர். “நம்ம சுருதிடா அது!”

“யார்றா வாசிக்கறா?” என்றார் கிதார்காரர்.

“குடிநீர் வாரியம்ண்ணே.”

அப்படித்தான் அந்த ஆல்பம் உருவாயிற்று. பெயர் ‘வெறுங்குழாய்’. மொத்தம் ஒன்பது பாட்டு. அதில் ஏழில் குழாய் வருகிறது. மீதி இரண்டில் குழாய் ஓய்வெடுக்கிறது. பாட்டு எழுத யாரும் சிரமப்படவில்லை. அக்கா சாப்பாடு போடும்போது என்னென்ன சொல்லித் திட்டினாளோ அவைதான் வரிகள். பொறியாளர் சொன்ன “திறந்திருக்கிற வால்வைத் திறக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா” என்பதைத் தம்பி ஆறு நிமிடம் உறுமியிருக்கிறான்.

வானொலி நிலையத்தில் காலைப் பணியில் இருந்தவர், தம்பி கொடுத்துவிட்டுப் போன அதை ஒலிபரப்பத் தொடங்கியதும், கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மெக்கானிக்கைத் தேடிப் போனார். மெக்கானிக் டீ குடிக்கப் போயிருந்தார். இருவரும் திரும்பி வருவதற்குள் ஆல்பம் முழுவதும் ஓடி முடிந்திருந்தது. மன்னிப்புக் கேட்பதற்காக, அடித்துக்கொண்டிருந்த தொலைபேசியை அவர் எடுத்தார். மறுமுனையில் ஒருவர் அழுதுகொண்டிருந்தார்.

“சார், இன்னொரு தடவை போடுங்க. எங்க வீட்டுக் குழாயும் இப்படித்தான் சார் கத்தும். அதுக்குள்ள இவ்வளவு சோகம் இருக்குன்னு இப்பத்தான் தெரியுது.”

அதற்குப் பிறகு யாராலும் அதை நிறுத்த முடியவில்லை. மருத்துவமனை லிஃப்டில் அது ஒலித்தது. பல் வைத்தியர்கள் பல் பிடுங்கும்போது போட்டார்கள். நோயாளி கத்துவது தனியாகக் கேட்பதில்லை. மழலையர் பள்ளியில் குழந்தைகள் வரிசையாக நின்று உறுமினார்கள். சரியாக உறுமாத குழந்தையின் பெற்றோரை ஆசிரியை வரச்சொல்லி, “வீட்ல நீங்க கொஞ்சம் சொல்லிக் கொடுக்கணும்” என்றார். தாய்மார்கள் தாலாட்டுக்குப் பதில் குழாயைத் திறந்துவிட்டார்கள். வங்கியில் கடன் இல்லை என்று சொல்லும் அதிகாரி தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு சொன்னார். எல்லோரும் கறுப்புச் சட்டை போட்டோம். கறுப்பில் அழுக்குத் தெரியாது. அழுக்குத் தெரிந்தால் இன்னும் நல்லது என்றார்கள்.

குடிநீர் வாரியம் முதலில் கடும் நடவடிக்கை எடுத்தது. வாரியத்தின் குழாயில் வரும் காற்று வாரியத்தின் சொத்து. அதை அனுமதியின்றி இசைக்காகப் பயன்படுத்தியது குற்றம் என்று தம்பிக்கு அறிவிப்பு வந்தது. வாரியத் தலைவரின் மகள் அதே வாரம் தன் அறைச் சுவரில் தம்பியின் படத்தை ஒட்டினாள். உடனே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டு, பாராட்டு விழாவாகத் திருத்தி வழங்கப்பட்டது.

விழாவில் தலைவர் பேசினார்: “மக்களுக்குத் தண்ணீர் கொடுக்க எந்த வாரியத்தாலும் முடியும். இசை கொடுக்க நம் வாரியத்தால் மட்டுமே முடிந்திருக்கிறது.”

உதவிப் பொறியாளருக்கு ‘முதுநிலை உறுமல் பொறியாளர்’ என்று பதவி உயர்வு கிடைத்தது. அவருக்குத் தலையில் முடி இல்லை. பதவிக்கு ஏற்ற நீண்ட முடி வேண்டும் என்பதால் அலுவலகச் செலவில் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். முகப்பில் மனு வாங்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. மனுவோடு போனால் மேசையில் ஓங்கித் தட்டி, “நிராகரிக்கப்படுகிறதூஊஊ” என்று அடித்தொண்டையில் முடிப்பார்கள்.

“முன்னெல்லாம் நிமிர்ந்துகூடப் பார்க்காம இல்லன்னு சொல்லுவாங்க” என்றார் எங்கள் பக்கத்து வீட்டுத் தையற்காரர். “இப்போ நமக்காக எவ்வளவு மெனக்கெடறாங்க பாருங்க!”

எங்களுக்கும் மதிப்புக் கூடியது. அடுத்த தெருவில் இன்னும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அந்தத் தெருக்காரர்கள் தலையைக் குனிந்து நடந்தார்கள். அங்கிருந்து எங்கள் தெருவுக்குப் பெண் கொடுத்திருந்த ஒருவர் சம்பந்தியிடம் வருத்தப்பட்டார்.

“உங்க வீட்டுக் குழாயில என்னமா காத்து வருது! எங்க வீட்ல திறந்தா, வந்தவங்க முன்னாடி தண்ணி கொட்டி மானத்த வாங்குது சம்பந்தி.”

“கவலைப்படாதீங்க. எழுதிப் போடுங்க. வாரியம் கைவிடாது.”

வாரியம் கைவிடவில்லை. விண்ணப்பித்த தெருக்களுக்கெல்லாம் முன்னுரிமை அடிப்படையில் தண்ணீர் நிறுத்தப்பட்டது. எங்கள் தெருவுக்கு வந்த தண்ணீர் லாரியையும் நிறுத்தினார்கள். இசைப் பாரம்பரியம் உள்ள தெருவில் லாரி நின்றால், இங்கே தண்ணீர் இல்லையோ என்று பார்ப்பவர்கள் தவறாக நினைக்கக்கூடும் அல்லவா? குடிக்க நாங்கள் கேன் வாங்கினோம். போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தோம். எதிரே வருபவரும் ஒரு குழந்தையோடு வருவார். ஒருவருக்கொருவர் குழந்தை நலம் விசாரிப்பதில்லை.

அக்காவின் கடையில் மட்டும் விரிப்புகள் மூட்டை மூட்டையாகச் சேர்ந்தன. விடுதி மேலாளர் நேரில் வந்துவிட்டார்.

“அக்கா, உங்க தம்பி பாட்டுக்கு நானும் ரசிகன்தான். ஆனா விரிப்பு வரலன்னா நான் என்ன பண்றது? இந்த வாரம் பார்ப்பேன். இல்லன்னா வேற கடைதான்.”

அவர் போன பிறகு அக்கா மூட்டை மேல் உட்கார்ந்தாள். தம்பி தேய்ப்பதை நிறுத்தினான்.

“ரெண்டாவது ஆல்பத்துக்குப் பாட்டுக் கம்பெனிக்காரன் வந்தானே, என்ன சொன்னான்?” என்று கேட்டாள்.

“குழாய்ச் சத்தம் இருந்தாத்தான் எடுப்போம்னு சொன்னான்க்கா.”

“நீ என்ன சொன்ன?”

“யோசிச்சுச் சொல்றேன்னேன்.”

“யோசிடா ராசா. நல்லா யோசி. நான் மூட்டை மேல உட்கார்ந்து காத்துட்டிருக்கேன்.”

தம்பிக்குச் சுருக்கென்றது. சட்டையை மாட்டிக்கொண்டு நேராக வாரியத்துக்குப் போனான். பொறியாளர் நீண்ட முடியை ஒதுக்கிவிட்டு எழுந்து வரவேற்றார்.

“சார், எங்கக்கா கடை மூடற நிலைமையில இருக்கு. தயவுசெஞ்சு அந்த வால்வைத் திறந்துவிடுங்க.”

“என்ன தம்பி, தொண்டை கட்டிக்கிச்சா? குரலே எழும்பலையே.”

“சாதாரணமாத்தான் சார் பேசறேன்.”

“சாதாரணமாப் பேச இங்க வரலாமா? யாருப்பா அங்க, தம்பிக்கு வெந்நீர் கொண்டு வா.”

வெந்நீர் வந்தது. வாரியத்தில் தண்ணீர் இருந்தது. அந்த டம்ளரைப் பார்த்ததும் தம்பிக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. அக்காவின் வெடித்த கையும், மூட்டையும், போர்வையில் சுற்றிய கேன்களும் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன. மேசையில் ஏறி நின்றான்.

“திறங்கடாஆஆ! தண்ணியைத் திறங்கடாஆஆ! தண்ணீஈஈஈ!”

அலுவலகம் முழுவதும் எழுந்து நின்றது. தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பியூன் தலையைச் சுழற்றி ஆட்டியதில் கண்ணாடி பறந்துபோய் விழுந்தது. கைதட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று.

“இது ரெண்டாவது ஆல்பத்துல வருதா தம்பி?” என்று கேட்டார் பொறியாளர்.

“ஆல்பம் இல்ல சார்! நிஜமாவே தண்ணி கேட்கறேன்!”

“அந்தக் கடைசித் ‘தண்ணி’யில குரல் லேசா உடைஞ்சுது பாருங்க…” பொறியாளர் மற்றவர்களைப் பார்த்தார். “அது கத்துக்கொடுத்து வராது. பிறவியிலயே இருக்கணும்.”

தம்பி திரும்பி வந்து நடந்ததைச் சொன்னான். அக்கா முழுவதும் கேட்டாள். பிறகு சிலிண்டரைக் கூப்பிட்டாள்.

“உன்கிட்டப் பெரிய ஸ்பானர் இருக்காடா?”

“இருக்குக்கா. எதுக்கு?”

“எடுத்துட்டு வா. பாட்டுக்கு இல்ல.”

மறுநாள் காலை, நாங்கள் பல் துலக்கிக்கொண்டு நிற்கும்போது, அக்கா தெருமுனைக்குப் போய் மூடியைத் தூக்கி, வால்வை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். அது துருப்பிடித்துப் போயிருந்தது. தம்பியும் சிலிண்டரும் கை கொடுத்தார்கள். வால்வு ஒரு முனகலோடு சுழன்றது.

எங்கள் வீட்டுக் குழாய்கள் பாதி உறுமலில் நின்றன. பிறகு தண்ணீர் வந்தது.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்குக் கோபம் வந்தது. தெருவின் பெருமையை ஒரு பெண் ஸ்பானரால் அழித்துவிட்டாளே என்ற தார்மீகக் கோபம். ஆனால் கோபப்பட நேரம் இல்லை. முதலில் குடங்களை நிரப்பினோம். பிறகு வாளி, அண்டா, குக்கர், டம்ளர், பூச்சாடி. தையற்காரர் தன் மழைக்காலச் செருப்பு இரண்டையும் நிரப்பிவைத்தார். நெடுநாள் அழுக்குத் துணிகளையெல்லாம் வாரிக்கொண்டு அக்கா கடைக்கு ஓடினோம்.

“அக்கா, இதையும் போட்டுடுங்க.”

“அக்கா, என்னோடது கறுப்புச் சட்டை அஞ்சு.”

“வைங்க, வைங்க. எல்லாத்துக்கும் சோப்புப் போட்டுடறேன்” என்றாள் அக்கா. அவள் முகம் அப்படி மலர்ந்து நாங்கள் பார்த்ததில்லை. விடுதி விரிப்புகளும் எங்கள் துணிகளும் நுரைக்குள் மிதந்தன.

வீட்டில் நிரப்ப வேறு பாத்திரம் இல்லை என்று உறுதியான பிறகு, நாங்கள் தெருவில் கூடி வாரியத்துக்குப் புகார் எழுதினோம். ‘எங்கள் தெருவில் அத்துமீறித் தண்ணீர் வருகிறது. உடனே நிறுத்தி எங்கள் உரிமையைக் காக்கவும்.’ தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் கையெழுத்துப் போட்டோம். தையற்காரர் அதை எடுத்துக்கொண்டு ஓடினார்.

வாரியத்தின் வண்டி உடனே வந்தது. அதில் ஆறு பேர் இருந்தார்கள். பொறியாளர் புகாரைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

“தாள் ஏன் இவ்வளவு ஈரமா இருக்கு?”

“வேர்வை சார்” என்றார் தையற்காரர். “கோபத்துல வேர்த்துக் கொட்டிடுச்சு.”

ஆறு பேரும் சேர்ந்து வால்வை மூடி முத்திரை வைத்தார்கள். மூடும்போது, தண்ணீர் நின்று காற்று மட்டும் வரும் பதத்தைக் காது வைத்துக் கேட்டுக் கேட்டு மூடினார்கள். தேர்ந்த ஆட்கள். பொதுமக்களின் குறை ஒன்றை வாரியம் இத்தனை வேகமாகத் தீர்த்ததை எங்கள் ஆயுளில் பார்த்ததில்லை.

அக்கா நுரைக் கையோடு வெளியே வந்தாள்.

“யாரு கூப்பிட்டது?”

நாங்கள் தையற்காரரைப் பார்த்தோம்.

“நான் நடையா நடந்தேன். ஒருத்தர் கூட வரல. இன்னிக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெருவே வந்துச்சா?”

“தப்பா நினைக்காதீங்கக்கா” என்றார் தையற்காரர். “நீங்க தண்ணி கேட்டீங்க. அது உங்க சொந்த விஷயம். இது பொது விஷயம்.”

“சோப்புப் போட்டாச்சு. இன்னும் ஒரு அலசு கூட அலசலையேய்யா!”

“யார் துணிக்கா?”

“உங்க துணிதான்.”

அலசாமலே காயப்போட்டாள். வேறு என்ன செய்வாள்? சட்டைகள் அட்டைபோல் விறைத்தன. கறுப்புத் துணியில் சோப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. மாற்றுச் சட்டை இல்லாததால் அதையே மாட்டிக்கொண்டு வெளியே போனோம். முதுகு அரித்தது. நாசூக்காக நெளிந்துகொண்டோம்.

கடைவீதியில் ஒரு கல்லூரி மாணவன் என்னை நிறுத்தினான்.

“சார், இந்தச் சட்டை எங்க வாங்கினீங்க?”

“ஏம்ப்பா?”

“இந்தக் கோடு… அந்த நெளியறது… ‘வெறுங்குழாய்’ ஸ்டைலா சார் இது?”

இன்னொரு தடவை நெளிந்துவிட்டு, ஆமாம் என்றேன்.

மறுவாரம் அக்கா கடை வாசலில் கூட்டம். துவைத்து வாங்க யாரும் வரவில்லை. அலசாமல் வாங்க வந்தார்கள். விடுதி மேலாளர் ஓடி வந்து, விரிப்புகளையும் அப்படியே தரச்சொன்னார். அந்த விரிப்பில் படுத்த விருந்தினர்கள் ராத்திரி முழுவதும் புரண்டு, காலையில் சிவந்த கண்ணோடு, “இப்படி ஒரு அனுபவம் கிடைச்சதே இல்ல” என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். கச்சேரிகளில் ரசிகர்கள் தலையாட்டுவதை விட்டு இரண்டு கையாலும் சொறிந்துகொண்டு ஆடினார்கள். செய்தித்தாள்கள் அதைப் புதிய நடனம் என்று எழுதின. துணி துவைப்பதில் சோப்புப் போடத் தண்ணீர் கொஞ்சம்தான் வேண்டும். அலசத்தான் நிறைய வேண்டும். கேன் தண்ணீரிலேயே அக்காவின் கடை ஓடியது. பக்கத்து அறையையும் வாடகைக்கு எடுத்தாள். வேலைக்கு இருவரை வைத்தாள். தம்பியும் ஆல்பத்தை மறந்துவிட்டு, கோடு கலையாமல் தேய்க்கும் நுணுக்கத்தைக் கற்றுக்கொண்டான்.

இப்படி இருக்கையில் ஒரு காலை பொறியாளர் கடைக்கு வந்தார். அவரும் விறைத்த சட்டைதான் போட்டிருந்தார். கையில் ஓர் உத்தரவு.

“அக்கா, நல்ல செய்தி. நீங்க அன்னிக்குக் கொடுத்த மனு எல்லா மாடியும் ஏறி இறங்கிடுச்சு. தலைவரே ஒத்துக்கிட்டார். நாளைக்கு வால்வைத் திறக்கறோம்.”

வரிசையில் நின்ற நாங்கள் சொறிவதை நிறுத்தினோம். தம்பி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அக்காவைப் பார்த்தான்.

அக்கா நுரைத் தொட்டியைப் பார்த்தாள். எங்கள் வரிசையைப் பார்த்தாள். வரிசை தெரு திரும்பும் இடம் வரை இருந்தது.

“திறந்தா எல்லார் வீட்லயும் வருமா சார்?”

“வரும்.”

“அவங்கவங்க வீட்லயே அலசிக்குவாங்களா?”

“பின்னே? தாராளமா அலசிக்கலாம்.”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, அந்த உத்தரவை வாங்கி, நான்காக மடித்துப் பொறியாளரின் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

“வேண்டாம் சார். பொழப்பு கெட்டுடும்.”

தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது. பொறியாளர், அதிகாரிக்கு உரிய கம்பீரத்தோடு, கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

“அடுத்து யாரு?” என்றாள் அக்கா.

நாங்கள் ஓர் அடி முன்னே நகர்ந்தோம்.